உபுண்டுவை அழித்த பிறகும் 'கிரப்' திரை வருகிறது: கோப்புகளை இழக்காமல் நீக்க வழி உண்டா?

உவர்மலைவாசி

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். கணினி இயங்கவில்லை, எனவே கைபேசியில்தான் தட்டச்சு செய்கிறேன்.

வெளிநாடு போன உறவினர் ஒருவரிடமிருந்து சென்ற ஆண்டு பழைய எச்பி மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். அதில் விண்டோஸ் 10, உபுண்டு லினக்ஸ் என்ற இரண்டு இயக்குதளங்களும் இருந்தன. இயக்கியதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும் ('கிரப்' என்ற தொடக்க நிரல் காட்டுவது), நான் எப்போதும் விண்டோஸையே தெரிவு செய்வேன். 256 ஜிபி வட்டில் ஏறக்குறைய 60 ஜிபியை உபுண்டு பிடித்து வைத்திருந்தது. இடம் போதாமல் நேற்று மாலை விண்டோஸில் வட்டைப் பிரிக்க உதவும் டிஸ்க் மனேஜ்மென்ட் கருவிக்குள் போய், உபுண்டு இருந்த பார்ட்டிஷனை (வட்டில் பிரித்து ஒதுக்கிய பகுதியை) அழித்தேன். அழிந்தது. கணினியை மறுபடி இயக்கினேன். கறுப்புத் திரை. மேலே கிரப் என்ற பெயரும் ஒரு பதிப்பு எண்ணும், கீழே 'கிரப்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. விண்டோஸ் வரவே இல்லை.

இன்று காலை நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போட வேண்டும், 6,500 ரூபா, உள்ளே இருக்கும் கோப்புகளுக்குப் பொறுப்பில்லை என்றார்கள். திருப்பிக் கொண்டு வந்துவிட்டேன்.

காரணம் இதுதான். நவராத்திரிக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கும்பத்துமாலில் (கும்பம் வைத்து வழிபடும் இடத்தில்) அம்மப்பா பாடிய கும்பப் பாடல்களை மூன்று ஆண்டுகளாக ஒலிப்பதிவு செய்து அந்தக் கணினியில் வைத்திருக்கிறேன். அவர் இந்தப் பங்குனியில் காலமாகிவிட்டார். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. அவற்றை இழக்காமல் கிரப்பை மட்டும் நீக்க முடியுமா?

பாலையூற்றான்

கடையில் சொன்னது சரிதான். கிரப் ஒருமுறை உள்ளே போனால் வெளியே வராது. எனக்கும் 2016இல் இப்படி நடந்தது. முழுவதும் அழித்துப் புதிதாகப் போட்டேன், இரண்டு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. ஒலிப்பதிவுகளுக்கு வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பாருங்கள்.

கோட்டைவாசல்

தங்கச்சி, அழிக்க வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம். உங்கள் ஒலிப்பதிவுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. விண்டோஸும் அப்படியே இருக்கிறது. அதற்குப் போகும் வழிதான் மறிபட்டிருக்கிறது. கணினி திருத்தும் வேலையில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தக் கறுப்புத் திரைக்காக ஒருவரின் கோப்புகளையும் நான் அழித்ததில்லை, அழிக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. இதற்குப் போய் வட்டை அழிக்கச் சொல்கிறார்களே என்று கேட்கும்போது உண்மையாகவே கோபம் வருகிறது.

முதலில் இரண்டு கேள்விகள். திரையில் 'கிரப்' என்று மட்டும் இருக்கிறதா, 'கிரப் ரெஸ்கியூ' என்று இருக்கிறதா? அதற்கு மேலே பிழைச்செய்தி ஏதாவது இருக்கிறதா?

'கிரப்' மட்டும்தான் என்றால் அந்த இடத்தில் ஆங்கிலத்தில் 'எக்ஸிட்' என்று தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துங்கள். எதுவும் கெட்டுப்போகாது. என்ன வருகிறது என்று எழுதுங்கள்.

உவர்மலைவாசி

அண்ணா, 'கிரப்' மட்டும்தான் இருந்தது, பிழைச்செய்தி இல்லை. நீங்கள் சொன்னபடி செய்தேன். விண்டோஸ் வந்துவிட்டது! கை நடுங்குகிறது. கோப்புகள் எல்லாம் இருக்கின்றன.

ஆனால் அணைத்து மறுபடி இயக்கினால் திரும்பவும் அதே கறுப்புத் திரை. இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டேன்.

கோட்டைவாசல்

நல்லது. இனிப் பதற்றம் வேண்டாம். இப்போது விண்டோஸுக்குள் இருக்கிறீர்கள் அல்லவா, வேறு எதையும் செய்யாமல் ஒலிப்பதிவுகளை ஒரு பென் ட்ரைவுக்குப் பிரதி எடுங்கள். எடுத்த பிறகு அந்தப் பென் ட்ரைவைக் கைபேசியிலோ வேறு கணினியிலோ போட்டு, இரண்டு மூன்று கோப்புகளையாவது திறந்து காதால் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். அதற்கு முன் அடுத்த படியைச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் பிரதி எடுக்கும் நேரத்தில் என்ன நடந்தது என்பதை எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

உபுண்டு உங்கள் கணினியில் மூன்று இடங்களில் இருந்தது. முதலாவது அந்த 60 ஜிபி பார்ட்டிஷன். இரண்டாவது, ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறிய பகுதிக்குள் இருக்கும் ஒரு கோப்புறை. விண்டோஸ் 10 தானாக அமைக்கும்போது அந்தப் பகுதி பெரும்பாலும் 100 எம்பிதான் இருக்கும், ஃபேட்32 வடிவம். இயக்குதளங்களைத் தொடக்கிவிடும் கோப்புகள் அதற்குள் இருக்கும். மைக்ரோசொப்டுக்கு ஒரு கோப்புறை, உபுண்டுவுக்கு ஒரு கோப்புறை. டிஸ்க் மனேஜ்மென்ட் இந்தப் பகுதியை அழிக்கவோ திறக்கவோ விடாது. ஆகவே நீங்கள் அதைத் தொட்டிருக்கவே முடியாது. மூன்றாவது, தாய்ப்பலகையின் நினைவகச் சில்லில் எழுதப்பட்டிருக்கும் ஒரு பதிவு: 'முதலில் உபுண்டுவைத் தொடக்கு, அது முடியாவிட்டால் விண்டோஸ்' என்ற வரிசை.

நீங்கள் முதலாவதை மட்டும் அழித்திருக்கிறீர்கள். கணினி வரிசைப்படி உபுண்டுவின் கோப்புறைக்குப் போகிறது. அங்கே இருக்கும் கிரப் தன் பட்டியலைத் தேடி 60 ஜிபி பார்ட்டிஷனுக்குப் போகப் பார்க்கிறது. அது இல்லை. உடனே பட்டியலைக் காட்ட வழியில்லாமல் கட்டளைக்காகக் காத்து நிற்கிறது. 'எக்ஸிட்' என்றதும் கிரப் விலகிக்கொள்ள, வரிசையில் அடுத்ததாக இருந்த விண்டோஸ் தொடங்கியது.

லினக்ஸுக்கு விண்டோஸின் பக்கத்திலிருந்து நீக்கும் கருவி என்று ஒன்றும் கிடையாது. பார்ட்டிஷனை அழித்தால் போய்விடும் என்று எல்லோரும் நினைப்பது இயல்பு. நீங்கள் செய்தது பிழையான காரியம் இல்லை, செய்த ஒழுங்குதான் மாறிவிட்டது. முதலில் விண்டோஸை முன்னுக்குக் கொண்டு வந்துவிட்டுப் பார்ட்டிஷனை அழித்திருந்தால் இந்தத் திரையையே பார்த்திருக்க மாட்டீர்கள்.

கிண்ணியா நானா

கோட்டைவாசல் சொல்வது புதிய கணினிகளுக்குப் பொருந்தும். பழைய மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும், அதில் கதை வேறு.

என் மகனின் கணினியில் 'கிரப் ரெஸ்கியூ' என்றுதான் வந்தது, மேலே 'அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை' என்ற பொருளில் பிழைச்செய்தி. அங்கே 'எக்ஸிட்' வேலை செய்யவில்லை. பழைய பயோஸ் (கணினியை முதலில் எழுப்பும் தாய்ப்பலகை நிரல்) முறையில் ஈஎஃப்ஐ பகுதியே கிடையாது. வட்டின் முதல் 512 பைட்டுக்குள்தான் எல்லாத் தொடக்கமும். அதில் 446 பைட் தொடக்க நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளம். கிரப் அந்த 446 பைட்டுக்குள் தன் முதல் துண்டையும், அடுத்திருக்கும் வெற்றிடத்தில் இன்னொரு துண்டையும் எழுதிவிடும். மற்றவை லினக்ஸ் பார்ட்டிஷனில். அது அழிந்தால் அரைகுறையாக நிற்கும்.

நண்பர் ஒருவரின் கணினியில் விண்டோஸ் நிறுவும் பென் ட்ரைவ் ஒன்றைச் செய்து வாங்கினேன். அதிலிருந்து இயக்கி, 'நிறுவு' என்பதை அழுத்தாமல் கீழே இருக்கும் 'கணினியைத் திருத்து' என்பதற்குள் போய், கட்டளைத் திரையில் 'பூட்ரெக்' எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு 'ஃபிக்ஸ்எம்பிஆர்' என்று கொடுத்தேன். ஒரு நொடி. அந்த 446 பைட்டை மட்டும் அது மாற்றி எழுதுகிறது, பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடுவதில்லை. கோப்பு ஒன்றும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பாலையூற்றான் தம்பி, 2016இல் நீங்கள் அழித்தது வீணாக அழித்ததுதான்.

பாலையூற்றான்

நானா, அன்றைக்கு இதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை. தங்கச்சியிடம் முதலில் அப்படி எழுதியதற்கு வருந்துகிறேன். என்னுடையதும் ரெஸ்கியூ திரைதான். அதில் என் கல்யாணப் படங்கள் போயின.

சல்லிக் கடலோரம்

ஒரு மாற்றுக் கருத்து. எதற்காக லினக்ஸை நீக்குகிறீர்கள் அக்கா? விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பழைய மடிக்கணினிக்கு நல்ல எதிர்காலம் உபுண்டுதான். விண்டோஸை அழித்துவிட்டு அதை வைத்திருந்தால் 60 ஜிபிக்குப் பதிலாக முழு வட்டும் கிடைத்திருக்கும். நான் பல்கலைக்கழகத்தில் லினக்ஸை மட்டுமே பாவிக்கிறேன், குறை ஒன்றும் இல்லை.

உவர்மலைவாசி

தம்பி, நீங்கள் சொல்வது நியாயமாக இருக்கலாம். ஆனால் இந்தக் கணினியை அம்மாவும் பாவிக்கிறார். அவருக்குப் பழகியது விண்டோஸ். ஒலிப்பதிவுகளைத் துண்டாக்கிப் பாடல் பாடலாகப் பிரிக்கும் வேலையில் பாதியில் நிற்கிறேன், அதையும் தெரிந்த மென்பொருளிலேயே முடிக்க விரும்புகிறேன். பிறகு பார்க்கலாம்.

கோட்டைவாசல் அண்ணா, பிரதி எடுத்துவிட்டேன். 41 கோப்புகள். ஐந்தைக் கைபேசியில் கேட்டேன். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார், அதனால்தான் இவ்வளவு நேரம்.

கோட்டைவாசல்

சரி, தொடங்குவோம். தொலைபேசியில் சொல்வது போலச் சொல்கிறேன், திரையில் எல்லாம் ஆங்கில எழுத்தில் வர வேண்டும்.

முதலில் வட்டு பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கண்ட்ரோல் பனலில் பிட்லொக்கர் என்று ஓர் இடம் இருக்கும். அது இயங்கிக்கொண்டிருந்தால் 'தற்காலிகமாக நிறுத்து' என்பதைக் கொடுங்கள். தொடக்க வரிசையில் கை வைத்தால் பிட்லொக்கர் சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். கையில் அந்த எண் இல்லாதவர்களுக்கு அப்போதுதான் உண்மையான ஆபத்து. மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழைபவர்களுக்கு எண் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், முன்கூட்டியே பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்தது, தேடும் இடத்தில் 'எம்எஸ்இன்ஃபோ32' என்று கொடுத்தால் கணினியின் விபரத் திரை வரும். அதில் பயோஸ் முறை என்ற வரிக்கு நேரே 'யூஈஎஃப்ஐ' (புதிய தொடக்க முறை) என்று இருக்க வேண்டும். 'லெகசி' (பழைய பயோஸ் முறை) என்று இருந்தால் நிறுத்துங்கள், உங்கள் வழி கிண்ணியா நானா சொன்ன வழி.

யூஈஎஃப்ஐ என்றால், கட்டளைத் திரையை (கமாண்ட் ப்ராம்ப்ட்) நிர்வாகி உரிமையுடன் திறந்து, முதலில் வரிசையை மட்டும் மாற்றுங்கள். 'பிசிடிஎடிட்', இடைவெளி, சாய்கோடு 'செட்', இடைவெளி, நெளி அடைப்புக்குறிக்குள் 'எஃப்டபிள்யூபூட்எம்ஜிஆர்', இடைவெளி, 'டிஸ்ப்ளேஓர்டர்', இடைவெளி, நெளி அடைப்புக்குறிக்குள் 'பூட்எம்ஜிஆர்', இடைவெளி, சாய்கோடு 'அட்ஃபர்ஸ்ட்'. இவ்வளவும் ஒரே வரி. பவர்ஷெல் என்ற மற்றக் கட்டளைத் திரையில் செய்யாதீர்கள், அங்கே நெளி அடைப்புக்குறிகளை மேற்கோளுக்குள் இட வேண்டும், இல்லாவிட்டால் பிழை காட்டும்.

பிறகு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். நேராக விண்டோஸ் வர வேண்டும். இதுவரை எதையும் அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வந்தால் மட்டும் அடுத்ததற்குப் போவோம்.

உவர்மலைவாசி

வந்துவிட்டது! கறுப்புத் திரை இல்லை, நேராக விண்டோஸ். பிட்லொக்கர் இயங்கவில்லை.

இத்துடன் விட்டுவிடலாமா?

சல்லிக் கடலோரம்

விட்டுவிடலாம் அக்கா. அந்தக் கோப்புறை சில எம்பிதான். தெரியாத இடத்தில் கை வைப்பதை விட விட்டுவிடுவது பாதுகாப்பு.

கோட்டைவாசல்

தம்பி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பயமாக இருந்தால் இங்கே நிறுத்தலாம். ஆனால் நான் என் கடையில் அப்படி விடுவதில்லை, காரணம் இருக்கிறது. சில்லில் இருக்கும் வரிசை நிரந்தரமானது அன்று. பயோஸைப் புதுப்பித்தாலோ, அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டு போனாலோ மாறிவிடலாம். உபுண்டு தன் கோப்புறைக்கு வெளியே, பொதுவான 'பூட்' கோப்புறையிலும் ஒரு துணை நிரலை வைத்திருக்கும். அது இயங்க நேர்ந்தால் உபுண்டு கோப்புறையில் உள்ள குறிப்பைப் படித்து, அழிந்த பதிவைத் திரும்ப எழுதிவிடும். எட்டு மாதம் கழித்து இதே கறுப்புத் திரையோடு ஆட்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள், அதற்குள் 'எக்ஸிட்' என்ற சொல்லையும் மறந்துவிடுகிறார்கள். கோப்புறை போனால் அந்தக் குறிப்பும் போய்விடும்.

தங்கச்சி, செய்வதானால் இப்படி. அதே கட்டளைத் திரையில் 'மவுண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒட்டி 'வி, ஓ, எல்', இடைவெளி, 'எஸ்', முக்காற்புள்ளி, இடைவெளி, சாய்கோடு, 'எஸ்'. இப்போது அந்தச் சிறிய பகுதி எஸ் என்ற எழுத்தோடு திறந்திருக்கும். உடனே அழிக்காதீர்கள். 'டிஐஆர்', இடைவெளி, 'எஸ்', முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, 'ஈஎஃப்ஐ' என்று கொடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.

உவர்மலைவாசி

நான்கு கோப்புறைகள்: மைக்ரோசொப்ட், பூட், எச்பி, உபுண்டு.

கோட்டைவாசல்

மைக்ரோசொப்ட் கோப்புறை விண்டோஸின் உயிர். எச்பி என்பது உற்பத்தியாளரின் பரிசோதனைக் கருவி. பூட் என்பது வேறு வழியில்லாதபோது கணினி போகும் இடம். இந்த மூன்றையும் தொடாதீர்கள். உபுண்டு மட்டும்: 'ஆர்எம்டிஐஆர்', இடைவெளி, சாய்கோடு 'எஸ்', இடைவெளி, 'எஸ்', முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, 'ஈஎஃப்ஐ', பின்சாய்கோடு, 'உபுண்டு'. உறுதியா என்று கேட்கும். அந்த வரியில் உபுண்டு என்ற பெயர் தெளிவாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு 'வை' கொடுங்கள். கேள்வி கேட்காமல் அழிக்க வைக்கும் 'கியூ' என்ற இணைப்பைப் பல இடங்களில் சேர்த்து எழுதியிருப்பார்கள். வேண்டாம், அந்தக் கேள்வி உங்களைக் காக்கும் கேள்வி.

முடிந்ததும் அதே 'மவுண்ட்வோல்', இடைவெளி, 'எஸ்', முக்காற்புள்ளி, இடைவெளி, சாய்கோடு 'டி' என்று கொடுத்து மூடிவிடுங்கள்.

மூதூர் ரீச்சர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பாடசாலைக் கணினி அறையில் ஆறு கணினிகளில் இப்படிப் பாதி நீக்கிய லினக்ஸ் இருக்கிறது. படகில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டு வர முடியாது என்பதால் இந்த இழையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்துவருகிறேன். நான்கு முடிந்தன.

இரண்டு சந்தேகங்கள். ஒன்று, சில கணினிகளில் மணி சரியாக ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. இரண்டாவது, அழித்த இடத்தைச் சி-யுடன் (விண்டோஸ் இருக்கும் பகுதியுடன்) சேர்க்கப் போனால் ஒரு கணினியில் மட்டும் 'எக்ஸ்டென்ட்' (விரிவாக்கு) என்ற தெரிவு மங்கலாக இருக்கிறது.

கோட்டைவாசல்

ரீச்சர், மணி பிந்துவதற்கும் லினக்ஸ்தான் காரணம். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம் நேரம் பொது நேரத்தை விட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதால் அதே அளவு பிந்துகிறது. இனி லினக்ஸ் இல்லை, ஆகவே இணையத்தோடு ஒருமுறை நேரத்தை ஒத்திசைத்தால் போதும், திரும்ப வராது.

இரண்டாவதற்கு, வெற்றிடம் சி-க்கு வலப்பக்கம் ஒட்டியே இருந்தால்தான் விண்டோஸ் சேர்க்கும். அந்தக் கணினியில் நடுவில் மீட்புப் பார்ட்டிஷன் இருக்கும், பாருங்கள். அதை அழித்துவிட்டுச் சேர்க்கலாம் என்று சொல்வார்கள். பாடசாலைக் கணினியில் அதைச் செய்யாதீர்கள். வெற்றிடத்தில் டி என்று புதிய ஒன்றை உருவாக்கி மாணவர்களின் வேலைகளை அதில் வையுங்கள்.

உவர்மலைவாசி

அண்ணா, கோப்புறையை அழித்தேன், விண்டோஸ் வழக்கம் போல வருகிறது. ஆனால் இயக்கும்போது எஃப்9 அழுத்திப் பார்த்தால் அந்தப் பட்டியலில் உபுண்டு என்ற பெயர் இன்னும் இருக்கிறது.

கோட்டைவாசல்

அது நான் சொன்ன மூன்றாவது இடம், சில்லில் உள்ள பதிவு. வெறும் பெயர்தான், இனி அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. 'பிசிடிஎடிட்', இடைவெளி, சாய்கோடு 'ஈஎன்யூஎம்', இடைவெளி, 'ஃபர்ம்வேர்' என்று கொடுங்கள். பல தொகுதிகளாக வரும். விபர வரியில் உபுண்டு என்றும், பாதை வரியில் உபுண்டு கோப்புறையும் 'ஷிம்' என்று தொடங்கும் கோப்பும் உள்ள தொகுதியைத் தேடுங்கள். அதன் அடையாள வரியில் நெளி அடைப்புக்குறிக்குள் நீளமான எண் இருக்கும். அதைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம், அடைப்புக்குறியோடு சேர்த்துப் பிரதி எடுங்கள். 'பிசிடிஎடிட்', இடைவெளி, சாய்கோடு 'டிலீட்', இடைவெளி, அந்த எண்.

அடையாள வரியில் எண் இல்லாமல் 'பூட்எம்ஜிஆர்' என்று எழுதியிருக்கும் தொகுதி விண்டோஸுடையது. அதை எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம்.

கிண்ணியா நானா

தங்கச்சி, அழிக்கும் முன் அந்தத் திரையைக் கைபேசியால் படம் எடுத்து வையுங்கள். பிறகு கேள்வி வந்தால் காட்ட உதவும்.

உவர்மலைவாசி

படம் எடுத்தேன் நானா. உபுண்டு என்று இரண்டு தொகுதிகள் இருந்தன, உறவினர் இரண்டு தடவை நிறுவியிருப்பார் போலிருக்கிறது. இரண்டையும் பாதை வரியைப் பார்த்து உறுதி செய்துகொண்டு அழித்தேன். எஃப்9 பட்டியலில் இப்போது விண்டோஸ் மட்டும். 60 ஜிபியையும் சி-யுடன் சேர்த்துவிட்டேன், எனக்கு 'எக்ஸ்டென்ட்' மங்கலாக இருக்கவில்லை. நான்கு தடவை அணைத்து இயக்கிப் பார்த்தேன்.

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. 41 கோப்புகளும் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன: கணினியில், பென் ட்ரைவில், யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமாவின் கணினியில்.

மூதூர் ரீச்சர்

ஆறும் முடிந்தன. ஒன்றில் 'பிசிடிஎடிட்' அழித்த பதிவு அடுத்த தடவை இயக்கும்போது திரும்ப வந்தது. பயோஸ் அமைப்புக்குள் போய் அங்கிருந்தே நீக்கினேன், பிறகு வரவில்லை.

உவர்மலைத் தங்கச்சி, உங்கள் அம்மப்பாவின் பாடல்களில் ஒன்றிரண்டை நவராத்திரிக்கு முன் மாணவர்களுக்குக் கேட்க வைக்கலாமா? அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

உவர்மலைவாசி

கேட்டேன் ரீச்சர். மூன்று பாடல்களை அனுப்பச் சொன்னார். பிரித்து முடித்தவற்றிலிருந்து இன்றிரவே அனுப்புகிறேன்.